உள்ளங்கை விமானங்கள் – 12: வேறொன்றாகப் பிறந்தவை

போர் முடிந்த மறு ஆண்டு, 1946-இல், லிவர்பூல் பின்ஸ் சாலையிலிருந்த மெக்கானோ தொழிற்சாலை நான்கு இன்ஜின் விமானம் ஒன்றைக் கடைகளுக்கு அனுப்பியது. வெள்ளிநிறப் பெயின்ட், சிவப்பு விசிறிகள், இறக்கை நுனிக்கு நுனி சுமார் 16 சென்டிமீட்டர். மெக்கானோவின் டிங்கி டாய்ஸ் பட்டியலில் அதன் எண் 70ஏ. 1954-இல் அது 704 ஆனது. 1959 வரை விற்பனையில் இருந்தது. பெயர் ஆவ்ரோ யார்க். இதுவரை இந்தத் தொடரில் பார்த்த சண்டை விமானங்களின் வரிசையில் இதைக் கொண்டுபோய் வைத்தால், பெட்டிபோன்ற உடலும் உயரத்தில் பொருத்திய இறக்கையுமாக அந்நியமாகத் தெரியும். துப்பாக்கி கிடையாது, குண்டு கிடையாது. ஆனால் ராணுவப் போக்குவரத்து விமானங்களும் வானிலேயே எரிபொருள் ஊட்டும் டாங்கர்களும் உலோக மாதிரிகளாக மாறிய கதையை இந்த யார்க்கிலிருந்துதான் தொடங்க வேண்டும். அந்தக் கதை முழுக்க எந்தக் கணக்கில் ஓடியதோ அது இந்த விமானத்தின் உடம்பிலேயே இருக்கிறது.

நிஜ யார்க்கை வடிவமைத்தவர் ராய் சாட்விக். லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தை உருவாக்கியவரும் அவரே. போர் உச்சத்தில் இருந்தபோது முழுக்கப் புதிதாக ஒரு போக்குவரத்து விமானம் செய்ய ஆளும் இல்லை, நேரமும் இல்லை. லங்காஸ்டரின் இறக்கைகளையும் இன்ஜின்களையும் வாலையும் அப்படியே எடுத்துக்கொண்டு, நடுவில் ஆட்களும் சரக்கும் ஏற அகலமான புது உடலைப் பொருத்தினார். உடல் பருத்ததால் வாலில் நடுவே மூன்றாவது ஒரு செங்குத்துத் துடுப்பு தேவைப்பட்டது. 1942 ஜூலை 5-இல் அது முதன்முறையாகப் பறந்தது. சர்ச்சில் பயணம் செய்த ‘அஸ்கலான்’ ஒரு யார்க்தான். கண்டியிலிருந்து தென்கிழக்காசியப் படைகளை நடத்திய மவுன்ட்பேட்டனிடம் இருந்தது இன்னொன்று. எம்டபிள்யூ102 என்ற அந்த விமானத்தில்தான் 1947 மார்ச்சில் கடைசி வைஸ்ராயாக அவர் டில்லி வந்து இறங்கினார். அடுத்த ஆண்டு சோவியத் முற்றுகையில் பெர்லின் பட்டினி கிடந்தபோது பிரிட்டன் அனுப்பிய மாவிலும் நிலக்கரியிலும் பெரும் பங்கை யார்க்குகளே சுமந்தன.

டிங்கி செய்த மாதிரிக்கோ சிவில் உடுப்பு. இறக்கையின் அடியில் ஜி-ஏஜிஜேசி என்ற பதிவெழுத்து. அது பிஓஏசி நிறுவனத்தின் பயணிகள் விமானத்துக்கு உரியது. போர்க்களத்துக்குப் பிறந்த லங்காஸ்டர், சரக்கேற்றும் யார்க்காகி, யார்க் பயணிகள் விமானமாகி, கடைசியில் பிள்ளைகளின் கைக்கு வந்தது. டாங்கர்களும் போக்குவரத்து விமானங்களும் பெரும்பாலும் இப்படித்தான் இன்னொன்றின் மிச்சத்தில் உருவாயின. ஒரு விமானப்படையை அப்படிச் செய்ய வைத்த சிக்கனமே பொம்மை நிறுவனத்தையும் அப்படிச் செய்ய வைத்தது. இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல வருவது இதைத்தான்.

முதலில் உலோகத்தைப் பார்த்துவிடுவோம். டைகாஸ்ட் மாதிரிகள் துத்தநாகக் கலவையில் வார்க்கப்படுபவை: துத்தநாகத்தோடு சுமார் 4 சதவீதம் அலுமினியமும் துளியளவு மக்னீசியமும். ஏறத்தாழ 400 டிகிரியில் உருகி, எஃகு மோல்டுக்குள் அழுத்தத்தோடு பாய்ந்து, நொடிகளில் இறுகிவிடும். மோல்டு செய்வதுதான் பெருஞ்செலவு. ஒருமுறை செய்துவிட்டால் ஆயிரக்கணக்கில் அச்சுப் பிசகாமல் வார்க்கலாம். இந்தக் கலவையில் ஈயம் கொஞ்சம் கலந்துவிட்டாலும் ஆபத்து. போருக்கு முந்தைய டிங்கி விமானங்களைக் கையில் எடுத்தவர்களுக்கு அது தெரியும். பெயின்ட்டில் முதலில் மயிரிழை விரிசல். பிறகு உலோகம் உப்பும். இறக்கை நுனிகள் தாமாகவே கீழே தொங்கும். ஒருநாள் தொட்டால் பொடியாக உதிரும். துத்தநாக நோய் என்று சேகரிப்பாளர்கள் சொல்லும் இதற்கு மருந்து இல்லை. 1930-களின் டிங்கி விமானம் ஒன்று இன்றும் நேரான இறக்கையோடு கிடைத்தால் விலை ஏறுவதற்கு அந்த நேர்மைதான் காரணம்.

துத்தநாகத்தின் இன்னொரு குணம் எடை. அலுமினியத்தைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனம். சிறிய விமானத்தில் அந்தக் கனம் கைக்கு இதமாக இருக்கும். விலை உயர்ந்த பொருளைப் பிடித்திருக்கும் உணர்வைத் தரும். விமானம் பெரிதாகப் பெரிதாக அதுவே சுமையாகிறது. டிங்கி இதை 1950-களின் நடுவில் கண்டுகொண்டது. ஆவ்ரோ வல்கன் குண்டுவீச்சு விமானத்தின் முக்கோண இறக்கையைத் துத்தநாகத்தில் வார்த்தால் தாங்காது என்று அதை அலுமினியத்தில் வார்த்துப் பார்த்தார்கள். அலுமினியம் உருகுவதற்கு 660 டிகிரி வேண்டும். மோல்டுகளோ துத்தநாகத்துக்குப் பழகியவை. சில நூறு வல்கன்கள் கனடாச் சந்தைக்குப் போனதோடு அந்த முயற்சி நின்றுபோனது. இன்று டிங்கி விமானங்களிலேயே மிக அரியவற்றில் அது ஒன்று. வல்கனுக்கே இந்தக் கதி என்றால், அதைவிடப் பெரிய சரக்கு விமானங்களை யார் தொடுவார்கள்?

அளவுக் கணக்கைப் போட்டால் இது உடனே விளங்கும். சண்டை விமான மாதிரிகளுக்கு இன்றும் அரசன் 1:72. ஓர் அங்குலம் ஆறு அடிக்குச் சமம் என்ற இந்த அளவு 1930-களில் பிரிட்டனின் ஸ்கைபேர்ட்ஸ் மர மாதிரிகளோடு நிலைபெற்றது. ஒரு ஸ்பிட்ஃபயர் இதில் கையடக்கமாக இருக்கும். கேசி-135 டாங்கரை இதே அளவில் செய்தால் 57 சென்டிமீட்டருக்கு மேல் நீளும். சி-5 கேலக்ஸி ஒரு மீட்டரைத் தாண்டும். அதற்கு அலமாரி போதாது, தனி மேசை வேண்டும். 1:200-க்கு வந்தால் கேசி-135 சுமார் 21 சென்டிமீட்டர், கேலக்ஸி 38. 1:400-இல் அவை முறையே பத்தரையும் பத்தொன்பதும். நீளம் பாதியானால் மேற்பரப்பு கால்வாசி ஆகிவிடும். உலோகமும் அதற்கேற்பக் குறையும். சரக்கு விமானங்களுக்கு ஏற்ற இடம் இந்தச் சின்ன அளவுகளில்தான் இருந்தது. 1:200 என்ற அளவுக்கே ராணுவ வேர் உண்டு. எதிரி விமானத்தை அதன் நிழலுருவிலிருந்து அடையாளம் காண வீரர்களுக்குப் பயிற்சி கொடுக்க, பெர்லினின் வீகிங் நிறுவனம் போர்க்காலத்தில் இந்த அளவில்தான் மாதிரிகள் செய்து கொடுத்தது.

யார்க்குக்குப் பிறகு நெடுங்காலம் இந்தப் பக்கம் வறட்சிதான். 1960-இல் பிரெஞ்சு டிங்கி, பொபிஞி தொழிற்சாலையில் நோரட்லாஸ் போக்குவரத்து விமானத்தைச் செய்தது. இரட்டை வால்தண்டுகளோடு வந்த அழகான பொருள், ஆனால் சில ஆண்டுகளிலேயே நின்றுவிட்டது. பின்ஸ் சாலைத் தொழிற்சாலை 1979-இல் மூடப்பட்டது. அதற்குள் பையன்களின் ரசனை ஜெட் சண்டை விமானங்களில் முழுசாகப் போய்விட்டிருந்தது. கேசி-97, கேசி-135 போன்ற டாங்கர்களுக்குக் கிராக்கி இல்லை.

மாற்றம் ஆயுதம் எதுவும் இல்லாத திசையிலிருந்து வந்தது. 1980-களில் நியூரம்பர்க்கின் ஷாபாக் நிறுவனம் விமான நிறுவனங்களின் ஜெட்களை 1:600 அளவில் உலோகத்தில் வார்த்து, விமானநிலையக் கடைகளில் விற்றது. 1990-களின் தொடக்கத்தில் ஹெர்பா 1:500-ஐக் கொண்டுவந்தது. 1998-இல் லாஸ் வேகஸில் தொடங்கிய ஜெமினி ஜெட்ஸ் 1:400-ஐ உலகெங்கும் கொண்டுசேர்த்தது. அதே ஆண்டில் கார்கி தன் ஏவியேஷன் ஆர்க்கைவ் வரிசையைத் தொடங்கி, 1:144 அளவில் பழைய பிஸ்டன் இன்ஜின் விமானங்களை எடுத்தது. யார்க் அதில் மறுபடி வந்தது, இம்முறை பெர்லின் காலத்து ராணுவ உடுப்போடு. வாங்கியவர்கள் பிள்ளைகள் இல்லை. வேலையும் சம்பளமும் உள்ள பெரியவர்கள்.

இந்த நிறுவனங்கள் அனைத்தின் கணக்கும் ஒன்றே. 747-க்கு ஒரு மோல்டு செய்தால் லுஃப்தான்சா, ஏர் இந்தியா, பான் அம் என்று ஐம்பது வண்ணங்களில் அதையே விற்கலாம். ஒரே மாவில் இட்லியும் தோசையும் ஊத்தப்பமும் வார்ப்பதுபோல. ரப்பர் போன்ற மெத்தை ஒன்றால் மையை எடுத்து வளைந்த உடல்மேல் ஒற்றும் டாம்போ அச்சு முறை வந்த பிறகு, புது வண்ணத்துக்கு ஆகும் செலவு மோல்டுச் செலவோடு ஒப்பிட்டால் அற்பமாகிவிட்டது. பயணிகள் விமான மோல்டுகள் அலமாரியில் நிறைந்ததும் நிறுவனங்களுக்கு ஒரு கேள்வி எழுந்தது: இவற்றில் எதற்கெல்லாம் ராணுவத்தில் உறவு உண்டு? ஜெமினி, ‘ஜெமினி மேக்ஸ்’ என்று ராணுவத்துக்கென்றே தனி வரிசை தொடங்கியது. டிசி-10 மோல்டு கையில் இருந்தால் கேசி-10 டாங்கர் பாதி தயார். சி-5, சி-17, சி-130 போன்றவற்றுக்குப் புது மோல்டு தேவைப்பட்டது. அமெரிக்காவின் ஒவ்வொரு தளமும் ஒவ்வொரு வால்பட்டையும் ஒரு புதுப் பெட்டிக்குக் காரணமாகும் என்பதால் அந்தச் செலவும் ஈடேறியது.

இங்கே கேசி-135-ஐப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். டாங்கர் சேகரிப்பின் இதயம் அது. எனக்கு மிகப் பிடித்ததும் அதுவே.

அதற்கு முன்னிருந்த கேசி-97 விசிறி இன்ஜின் விமானம். பி-29-இன் இறக்கையிலிருந்து வளர்ந்தது. ஜெட் குண்டுவீச்சு விமானங்களின் வேகத்துக்கு அதனால் ஓட முடியவில்லை. எரிபொருள் கொடுக்கும்போது அது மெல்லக் கீழ்நோக்கிச் சரிந்தபடி வேகம் எடுக்க, வாங்கும் ஜெட்டோ வேகத்தைக் குறைத்துக்கொண்டு பின்னால் தொத்திக்கொண்டிருக்கும். டாங்கரும் ஜெட்டாக வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. போயிங் தன் சொந்தப் பணத்தில் டேஷ்-80 என்ற முன்மாதிரியைச் செய்து 1954 ஜூலை 15-இல் பறக்கவிட்டது. அந்த ஒரு விமானத்திலிருந்து இரண்டு கிளைகள் பிரிந்தன. ஒன்று கேசி-135, 1956 ஆகஸ்ட் 31-இல் முதல் பறப்பு, மொத்தம் 732 செய்யப்பட்டன. மற்றொன்று உலகமே அறிந்த 707.

பார்வைக்கு இரண்டும் இரட்டையர். அளந்தால் வேறு. டேஷ்-80-இன் உடல் அகலம் 132 அங்குலம். விமானப்படை 144 கேட்டது. டக்ளஸ் நிறுவனத்தின் டிசி-8 அகலமான அறையோடு போட்டிக்கு வந்ததால் போயிங் 707-ஐ 148 அங்குலமாக்கியது. ஆக, டாங்கர் 707-ஐவிட நான்கு அங்குலம் ஒல்லி, நீளமும் குறைவு. 1:400 அளவில் அந்த நான்கு அங்குலம் கால் மில்லிமீட்டர். கண்ணுக்கே தெரியாத இந்தக் கால் மில்லிமீட்டருக்காகச் சேகரிப்பாளர்கள் மணிக்கணக்கில் வாதாடுகிறார்கள் என்று கேட்டால் வியப்பாக இருக்கும். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. 707-இன் மோல்டில் ஜன்னல்களை அழித்து, வாலடியில் ஓர் எரிபொருள் தண்டைச் செருகி டாங்கர் என்று விற்றால் அகலத்தில் சிக்காவிட்டாலும் நீளத்தில் பொய் மாட்டிக்கொள்ளும். 707-320-க்கும் டாங்கருக்கும் ஐந்து மீட்டர் வேறுபாடு. 1:400-இல் அது ஒரு சென்டிமீட்டருக்கு மேல். நல்ல நிறுவனம் கேசி-135-க்கென்றே மோல்டு வெட்டும். அதனால்தான் அதன் மாதிரிகள் 707 மாதிரிகளைவிடத் தாமதமாகவும் குறைவாகவும் வந்தன.

ஆனால் அந்த ஒரு மோல்டு வந்த பிறகு டாங்கர் தன் பங்குக்கு மூன்று முகம் காட்டும். முதலில் வந்த ‘ஏ’ ரகத்துக்கு மெலிந்த ஜே57 இன்ஜின்கள். மேலேறும்போது தண்ணீர் பீய்ச்சி, கரும்புகை கக்கியபடி போகும். அடுத்தது ‘ஈ’. ஓய்வுபெற்ற 707 பயணிகள் விமானங்களை அமெரிக்க விமானப்படை வாங்கி, அவற்றின் இன்ஜின்களையும் வால் பாகங்களையும் கழற்றி 150-க்கும் மேற்பட்ட டாங்கர்களில் மாட்டியது. தம்பியின் இன்ஜினை அண்ணனுக்குப் பொருத்திய கதை அது. மூன்றாவது ‘ஆர்’, பெரிய வாய் கொண்ட சிஎஃப்எம்56 இன்ஜின்களோடு. 400-க்கும் மேல் இப்படி மாறின, இன்றும் பறக்கின்றன. மாதிரியில் இன்ஜின்கள் தனித் துண்டுகளாகத்தான் வார்க்கப்படுகின்றன. ஆகவே ஒரே உடலுக்கு மூன்று வகை இன்ஜின்களைச் செய்து வைத்துக்கொண்டால் 1957 முதல் இன்றுவரை எந்த ஆண்டையும் எடுக்கலாம். வெள்ளிநிற உடலில் நட்சத்திரப் பட்டையோடு ஸ்ட்ராடஜிக் ஏர் கமாண்டின் 1960-கள். முழுச் சாம்பலில் இன்றைய விமானம். வால் எண்ணையும் இன்ஜினையும் பொருத்திப் பார்ப்பது சேகரிப்பாளர் செய்யும் முதல் சோதனை. ‘ஆர்’ ரகமாக மாற்றப்படுவதற்கு முந்தைய வண்ணத்தில் புது இன்ஜின் மாட்டியிருந்தால் அந்தப் பெட்டி கடைக்கே திரும்பிப் போகும்.

கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தால்தான் டாங்கர் தன் முழு அழகையும் காட்டும். எல்லா விமான மாதிரிகளுக்கும் வயிறு வெறுமையானது. டாங்கருக்கு அங்கேதான் வேலை. முன்வயிற்றில் இரண்டு வரிசை விளக்குகள், பின்னால் தொடரும் விமானியை முன்னே வா, கீழே போ என்று வழிநடத்துபவை. 1:400-இல் அவை டாம்போவில் ஒற்றிய இரண்டு மெல்லிய கோடுகள். வாலடியில் ஒரு சின்னக் கருங்கண்ணாடி. அதன் பின்னே நிஜ விமானத்தில் ஓர் ஆள் குப்புறப் படுத்தபடி தண்டை இயக்குவார். அங்கிருந்து நீளும் எரிபொருள் தண்டு, நுனிக்கு முன் வி வடிவத்தில் இரண்டு குட்டி இறக்கைகளோடு, மாதிரியில் ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர். பெட்டியிலிருந்து எடுக்கும்போது முதலில் முறிவது அதுதான். சில மாதிரிகளில் மடித்த தண்டு, இறக்கிய தண்டு என இரண்டும் வரும். நான் இறக்கிய நிலையில் வைப்பதையே விரும்புவேன். கொடுக்கும் கோலத்தில் இருக்கும் டாங்கருக்குத்தான் அர்த்தம்.

கடலுக்கு அந்தப் பக்கம் பிரிட்டன் இந்தச் சிக்கனத்தை இன்னும் வெளிப்படையாகச் செய்தது. கல்ஃப் ஏர் ஓட்டி முடித்த ஐந்து விசி-10, ஈஸ்ட் ஆஃப்ரிக்கன் ஏர்வேஸின் நான்கு சூப்பர் விசி-10, பிறகு பிரிட்டிஷ் ஏர்வேஸின் பழைய விமானங்கள் என்று வாங்கி டாங்கர்களாக்கியது. பிரிட்டிஷ் ஏர்வேஸிடம் ஆறும் பான் அம்மிடம் மூன்றுமாக ஒன்பது டிரைஸ்டார்களையும் வாங்கியது. விசி-10 டாங்கர்கள் 2013-இலும் டிரைஸ்டார்கள் 2014-இலும் ஓய்வுபெற்றன. மாதிரி சேகரிப்பவருக்கு இதில் ஒரு தனி இன்பம் உண்டு. ஒரே விமானத்தை அதன் இரு வாழ்வுகளிலும் வாங்கலாம்: பான் அம் நீல உருண்டையோடு ஒன்று, விமானப்படைச் சாம்பலில் இன்னொன்று. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அதுவே ஒரு வாழ்க்கை வரலாறு.

ஓய்வுபெற்ற பயணிகள் விமானங்கள் வருவதற்கு முன் அந்த வேலையைச் செய்தது ஹேண்ட்லி பேஜ் விக்டர். அதுவும் குண்டுவீசப் பிறந்து டாங்கரானதுதான். 1982 ஏப்ரல் 30 இரவு அசென்ஷன் தீவிலிருந்து ஃபாக்லாந்துக்குக் கிளம்பிய வல்கன் எக்ஸ்எம்607-ஐ ஊட்டி அனுப்ப 11 விக்டர்கள் எழும்பின. விக்டருக்கே விக்டர் எரிபொருள் கொடுத்து, தொடர் தொடராகத் தெற்கே சென்றன. கடைசி விக்டரின் கேப்டன் பாப் டக்ஸ்ஃபோர்ட் வல்கன் இலக்கை அடைய வேண்டும் என்பதற்காகத் தான் திரும்பிவர மிச்சம் போதாத அளவுக்கு எரிபொருளைக் கொடுத்துவிட்டார். குண்டுவீச்சு முடிந்த செய்தி வரும்வரை வானொலி மௌனத்தையும் கலைக்கவில்லை. பிறகு வேறொரு டாங்கர் வந்து அவரைச் சந்தித்ததால் தரையிறங்கினார். இன்று எக்ஸ்எம்607-ஐக் கார்கி 1:72-இல், 47 சென்டிமீட்டர் இறக்கையோடு, மிகக் கனமான மாதிரியாகச் செய்து விற்றிருக்கிறது. வல்கனுக்குக் கிடைத்த அலமாரி இடம் விக்டருக்குக் கிடைக்கவில்லை. எனக்கு இதில் வருத்தம் உண்டு. டக்ஸ்ஃபோர்டின் எக்ஸ்எல்189 இல்லாமல் அந்த இரவைச் சொல்ல முடியாது. வல்கனை வாங்கும் எவரும் பக்கத்தில் ஒரு விக்டரை, பிளாஸ்டிக்கில் ஒட்டியாவது, வைக்க வேண்டும் என்பேன்.

அமெரிக்க விமானப்படையின் கேசி-10 டாங்கர்கள் எல்லாம் 2024-க்குள் ஓய்வுபெற்றுவிட்டன. அவற்றின் இடத்துக்கு வரும் கேசி-46, 767 பயணிகள் விமானத்தின் உடல். பிரிட்டனின் வாயேஜர், ஏர்பஸ் ஏ330-இன் உடல். 767-க்கும் ஏ330-க்கும் மோல்டு வைத்திராத 1:400 நிறுவனம் இன்று அரிது. கேசி-135-க்கு அரை நூற்றாண்டு காத்திருந்த சேகரிப்பாளர்களுக்கு இவை உடனுக்குடன் கிடைக்கின்றன.

சோவியத் பக்கம் இதே வழியை எடுத்தது: இல்யூஷின்-76 சரக்கு விமானத்தின் வயிற்றில் தொட்டிகளை வைத்து இல்-78 டாங்கர் ஆக்கினார்கள். 2003 முதல் ஆக்ராவில் நிற்கும் நம் விமானப்படையின் ஆறு டாங்கர்களும் அந்த இனமே. அவற்றின் மாதிரிகளையும் ஜன்னல் பதித்த கண்ணாடி மூக்கை உலோகத்தில் வார்ப்பதில் உள்ள சிரமத்தையும் அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

(தொடரும்)